அஞ்சலை அக்காவின் பெயர் இருந்த டிஸ்க்

சென்ற ஆண்டு வேலையிலிருந்து விலகிக்கொண்டேன். கடைசியாக நான் இருந்த அலுவலகத்தில் கணினிகளைக் கவனித்துக்கொண்டவர் குமரன். எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எனக்குப் பல ஆண்டுகள் பின்னால் படித்தவர். பள்ளியின் முன்னாள் மாணவர் மலருக்கு இந்தக் கட்டுரையைக் கேட்டதும் அவர்தான்.

கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருநாள் அவர் தம் கணினியில் புதிய சிஸ்டம் ஒன்றைப் போட்டு, பழைய சிஸ்டத்தை அதற்கு உள்ளேயே ஒரு மெய்நிகர் இயந்திரமாக எழுப்பப் பார்த்தார். பழையது டிஸ்கில் எந்தப் பகுதியில் இருந்ததோ அதே பகுதியிலிருந்து, வேறெங்கும் நகல் எடுக்காமல், எழ வேண்டும். அது எழவில்லை. காலை முழுவதும் போராடிக்கொண்டிருந்தார். கோப்புகளை வைக்கப் போன நான், வெளியே ஓடும் சிஸ்டம் அந்தப் பகுதியை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பிடித்திருந்தால் வலுக்கட்டாயமாக எழுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். பார்த்தார். பிடித்துத்தான் இருந்தது.

"அக்கா, இது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எண்பதுகளில் ஈப்போவில் நாங்கள் இதே வேலையைச் செய்தோம் என்றேன். அவர் நம்பாமல் சிரித்தார். பிறகு, அதைச் சுவையாக எழுதிக் கொடுங்கள் என்றார்.

சுவையாக எழுத எனக்கு வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்த மலரைப் படிப்பவர்களில் அஞ்சலை அக்காவின் பிள்ளைகளும் இருக்கக்கூடும்.

நான் பிறந்தது சிம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். ஐந்தாம் படிவம் வரை படித்தேன். எழுபதுகளின் நடுவில், பல தோட்டங்களை நிர்வகித்த ஒரு கம்பெனியின் ஈப்போ அலுவலகத்தில் கார்டு தட்டும் பெண்ணாகச் சேர்ந்தேன். ஓர் அறையில் எட்டுப் பெண்கள். தோட்டத்துக் கணக்கர்களான கிராணிமார் கையால் எழுதிய பதிவேட்டைப் பார்த்து, அட்டையில் துளை போடும் இயந்திரத்தில் தட்ட வேண்டும். ஒருத்தி தட்டியதை இன்னொருத்தி மறுபடி தட்டிச் சரிபார்ப்பாள். இயந்திரச் சத்தத்தில் யாரும் பேச முடியாது. நாலு பேர் நடுவில் யாராவது பெயர் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது.

நாங்கள் அதிகம் தட்டியது தொழிலாளர் பதிவேடு. பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம், தோட்டத்தில் சேர்ந்த ஆண்டு, அடையாள அட்டை எண். எங்கள் தோட்டத்துப் புத்தகங்கள் என் மேசைக்கே வந்தன. என் அம்மாவின் அட்டையை நானே தட்டினேன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அஞ்சலை அக்காவின் அட்டையையும் நான்தான் தட்டினேன்.

அக்கா பால் மரம் வெட்டுபவர், ரப்பர் பால் எடுப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் மர லாரியிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். மூன்று சின்னப் பிள்ளைகள். எதையும் கிண்டல் செய்யாமல் அவருக்குப் பேச வராது. பதிவேட்டைத் தட்டுகிறேன் என்று சொன்னதும், "மெஷினுக்குள்ள நான் குண்டா இருக்கேனா, ஒல்லியா இருக்கேனா?" என்று கேட்டார். ஓர் அட்டை அளவுதான் இருக்கிறீர்கள் என்றேன். மறுநாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் நின்ற எல்லோரிடமும், "சரசு என்னைய ஓட்ட போட்டு உள்ள அடச்சிட்டா லா" என்று சொல்லிச் சிரிக்க வைத்தாராம்.

அந்த அட்டையில் ஒரு சிக்கல் இருந்தது. கிராணி அவருடைய தகப்பன் பெயரைப் பெருமாள் என்று எழுதி, அடித்து, மேலே வீராசாமி என்று எழுதியிருந்தார். எது சரி என்று அக்காவையே கேட்டுக்கொண்டு வந்து வீராசாமி என்று தட்டினேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் தோட்ட மருத்துவமனை. பக்கத்தில் அப்போது மருத்துவ உதவியாளராக இருந்த டிரெஸ்ஸரின் சுருக்கொப்பம். இவ்வளவு நினைவிருப்பதற்குக் காரணம், அன்று அந்த ஓர் அட்டைக்காக அரை நாள் காத்திருந்தேன்.

எண்பதுகள் தொடங்கியபோது அட்டைகள் போய், எல்லாம் டிஸ்கில் ஏறிவிட்டன. தட்டும் பெண்கள் பலர் வேலையை விட்டார்கள். என்னை இயந்திர அறைக்கு மாற்றினார்கள். அங்கேதான் சொக்கலிங்கம் சாரிடம் வேலை பார்த்தேன்.

சாருடைய குடும்பம் செட்டிநாட்டிலிருந்து வணிகத்துக்காக வந்தது. அவர் மட்டும் கடைக்குப் போகாமல் படித்து, சிங்கப்பூரில் பயிற்சி எடுத்து, இந்த வேலைக்கு வந்தார். குளிர் அறைக்காக ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை வைத்திருந்தார். அறைக்குள் நுழைந்தால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். தெரியாமல்கூட எந்தப் பொத்தானிலும் கை பட்டுவிடக் கூடாது என்பதற்காக. எங்களை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு விதி இருந்தது. பிரதான திரையில் இயந்திரம் ஏதாவது செய்தி கொடுத்தால், பதில் தட்டும் முன் அந்தச் செய்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். "வாசிச்சிட்டு அப்பறம் கைய வைங்கம்மா" என்பார். கண் மட்டும் பார்த்தால் அவசரத்தில் எதிர்பார்த்ததையே பார்க்கும், வாய்விட்டு வாசித்தால் எழுதியிருப்பது காதில் விழும் என்பது அவர் கணக்கு. எனக்கு அது பெரிய வேதனை. மெல்லிய குரலில் வாசிப்பேன். அவர் பக்கத்தில் வந்து குனிந்து கேட்பார். சத்தமாக வாசியுங்கள் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அடுத்து, தாம் எதையும் மாற்றும் முன் இயந்திரத்திடமே ஒரு கேள்வி தட்டி நிலைமையைத் தெரிந்துகொள்வார். பதிலைப் பென்சிலால் ஒரு தடித்த புத்தகத்தில் எழுதுவார். அதன்பிறகுதான் மாற்றுவார்.

பிறகு பெரிய புதிய இயந்திரம் வந்தது. அதற்குள் ஒரே நேரத்தில் பல இயந்திரங்கள் இருப்பதுபோல நடத்த முடியும். அவை உண்மையில் தனி இயந்திரங்கள் அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரம் என்றே எண்ணிக்கொண்டு ஓடும். நாங்கள் அவற்றை 'உள் மெஷின்' என்று சொல்லுவோம். தொழிலாளர் பதிவேட்டுக்கு ஓர் உள் மெஷின் ஒதுக்கி, அதை என் பொறுப்பில் விட்டார்கள்.

பதிவேட்டில் அடையாள அட்டை விவரங்கள் இருந்ததால் அந்த மெஷினுக்குள் நுழையும் கடவுச்சொல் சாரிடம் மட்டும் இருந்தது. காலையில் வந்து அவரே தட்டித் திறந்துவிடுவார். நாற்காலியை விட்டு எழுந்தால் அதிலிருந்து முறையாக வெளியேறிவிட வேண்டும் என்பது கட்டளை. திரும்பி வந்ததும் மறுபடி அவரைப் போய்க் கூப்பிட வேண்டும். அவர் முகம் சுளித்ததே இல்லை. ஆனால் அவர் அறைக்குப் போக, ஆண்கள் உட்கார்ந்திருக்கும் நீளமான கூடத்தைக் கடக்க வேண்டும், கதவைத் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை.

என்னால் முடியவில்லை. திரையின் ஓரத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று இருந்தது. அதை முழுக்கத் திருகினால் திரை இருண்டுவிடும். அணைத்து வைத்ததுபோலவே தோன்றும். உள்ளே பதிவேட்டு மெஷின் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். வந்து உட்கார்ந்து குமிழைத் திருப்பினால் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம். மாதக்கணக்கில் இப்படிச் செய்தேன். யாருக்கும் தெரியாது. தேநீருக்குப் போகும்போது கை தானாகவே குமிழுக்குப் போகும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

கம்பெனியின் பழைய வேலைகள் எல்லாம் ஒரு பழைய சிஸ்டத்தில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் புதிதாக எழுத ஆண்டுகள் ஆகும். ஆகவே, பழைய சிஸ்டம் இருந்த டிஸ்கை அப்படியே கொண்டுவந்து புதிய இயந்திரத்தில் மாட்டி, அந்த டிஸ்கிலிருந்தே அதை ஓர் உள் மெஷினாக எழுப்புவது என்று முடிவு செய்தார்கள். கோலாலம்பூரிலிருந்து லிம் என்ற எஞ்சினியர் வந்தார். நல்லவர், வேகமானவர், சாரைவிட வயதில் இளையவர். மதியம் இரண்டு மணிக்குத் தலைமை நிர்வாகி வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த டிஸ்கின் முன்பகுதியில் பழைய சிஸ்டம். பின்பகுதியில் மூடிய தோட்டங்களின் தொழிலாளர் பதிவேடு. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்றுதான், இரண்டுக்கும் பொது. சில நாட்களாக நான் அந்தப் பின்பகுதியில் பெயர்ப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அன்று காலை பத்து மணிக்கு என்னைப் பிரதான திரைக்கு உட்காரக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். குமிழைத் திருகிவிட்டுப் போனேன்.

முதல் முறை எழுப்பியபோது ஒன்றுமே நடக்கவில்லை. செய்தியும் இல்லை, பிழையும் இல்லை. உள் மெஷின் அப்படியே நின்றுவிட்டது. லிம் மறுபடி, மறுபடி எழுப்பினார். சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, லிம் எழுதி வைத்திருந்த வரையறையைக் காட்டுமாறு அவரிடம் சொன்னார். டிஸ்கில் எந்த வளையத்திலிருந்து எந்த வளையம் வரை இந்த மெஷினுக்குச் சொந்தம் என்று அதில் எழுதியிருந்தது. ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது. டிஸ்க் தன் வளையங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். எழுந்திருப்பதற்கான முதல் கட்டளைகள் அந்தப் பூஜ்யத்தில்தான் இருந்தன. சார் பென்சிலால் அதைச் சுழித்துக் காட்டினார். லிம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

இரண்டாம் முறை கொஞ்சம் எழுந்து நின்றது. பழைய இயந்திரத்தில் அந்த டிஸ்குக்கு ஓர் எண் இருந்தது. சிஸ்டம் எழுந்ததும் அந்த எண்ணில்தான் தன்னைத் தேடும். இங்கே வேறு எண் கொடுத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. சார் பழைய புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, பழைய எண்ணைக் கண்டுபிடித்து, அதையே கொடுக்கச் சொன்னார். உணவுக்கு யாரும் போகவில்லை.

மூன்றாம் முறை முழுதாக எழத் தொடங்கியது. பாதியில் நின்றது. பிரதான திரையில் ஒரு செய்தி வந்தது. சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்து, வாசியுங்கள் என்றார்.

நான் வாசித்தேன். டிஸ்க் வாசிப்பதற்கு மட்டுமே தரப்பட்டது, எழுதும் உரிமை பதிவேட்டு மெஷினிடம் இருக்கிறது என்று அதில் இருந்தது. என் வாயாலேயே வாசித்தேன். வாசித்து முடிக்கும் முன்பே, அது நான் வெளியேறாமல் விட்டு வந்த மெஷின்தான் என்று தெரிந்துவிட்டது.

அது காலையில் இருந்த பிடி, சிஸ்டம் இன்னும் அதையே காட்டிக்கொண்டிருக்கிறது என்றார் லிம். கட்டளையில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டால், வேறு யார் பிடித்திருந்தாலும் பரவாயில்லை என்று எழுதும் உரிமையை இதற்கும் கொடுத்துவிடும், நேரம் ஒன்றே முக்காலாகிவிட்டது என்றார். சார் வழக்கம்போல் முதலில் இயந்திரத்திடம் கேட்க விசைப்பலகைக்கு வந்தார். இரண்டு எழுத்துத் தட்டினார். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த என் திரையைப் பார்த்தார். இருண்டு கிடந்தது.

"பதிவேட்டுலேர்ந்து வெளிய வந்துட்டீங்களாம்மா?"

தமிழில்தான் கேட்டார். லிம்முக்குப் புரிந்திருக்காது. என் பக்கத்தில் வந்து, மெல்லத்தான் கேட்டார். இல்லை சார், திரையைத்தான் இருட்டாக்கினேன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால், எத்தனை நாளாக இப்படி என்ற கேள்வி வரும். லிம் திரும்பிப் பார்ப்பார். கதவருகே நிர்வாகிக்காகக் காத்திருந்தவர்கள் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டினேன், வந்துவிட்டேன் என்று.

அவர் தட்டிய இரண்டு எழுத்தையும் அழித்தார். சரசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று லிம்மிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொன்னார்.

பழைய சிஸ்டம் எழுந்தது. நிர்வாகி வந்தார், பார்த்தார், கைதட்டினார்கள். எனக்கும் ஒரு கேக் துண்டு கொடுத்தார்கள்.

எல்லோரும் கூடத்துக்குப் போனதும் நான் என் திரைக்குப் போனேன். குமிழைத் திருப்பினேன். பதிவேடு காலையில் விட்ட இடத்திலேயே இருந்தது. யாரும் பார்க்கும் முன் முறையாக வெளியேறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வெளியேறும் கட்டளையைத் தட்டினேன். அதை வாய்விட்டு வாசிக்கவில்லை.

அதுதான் நான் செய்த பெரிய கெடுதல் என்று பின்னால் புரிந்தது. பதிவேட்டு மெஷின் வெளியேறும்போது, காலையில் தான் பார்த்து நினைவில் வைத்திருந்த அட்டவணையை டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் வெளியேறும். அதற்குள் பழைய சிஸ்டம் அதே டிஸ்கில் தன் போக்கில் இடம் எடுத்து எழுதத் தொடங்கிவிட்டது. ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு பேர் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் என்ன ஆகுமோ அது ஆனது. சத்தமில்லாமல் ஆனது. பழைய சிஸ்டம் நன்றாகவே ஓடியது. மூடிய தோட்டங்களின் பதிவேட்டை அன்றாடம் யாரும் திறப்பதில்லை. வாரக் கடைசிகளில் நகல் எடுக்கும் நாடாக்கள் மூன்று. ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றில் வரும். மூன்றிலும் கெட்டுப்போன டிஸ்கின் நகல் ஏறும்வரை யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான், முன்பே மூடியிருந்த எங்கள் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். என் அம்மாவை நான் முன்பே ஈப்போவுக்கு அழைத்து வந்திருந்தேன். லயத்தில் இருந்தவர்கள் வெளியேற வேண்டும். அரசாங்கக் குறைந்த விலை வீட்டுக்கு மனுப் போடலாம், ஆனால் மனுப் போடுபவர் கையில் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை இருக்க வேண்டும். அஞ்சலை அக்கா வைத்திருந்தது சிவப்பு அட்டை. இந்த நாட்டில் பிறந்தவர்தான், பிறந்ததற்கான பத்திரம், சூராட், இல்லை. லயத்தில் வெள்ளம் புகுந்த ஆண்டில் தகரப் பெட்டியோடு போய்விட்டது. மற்றவர்களில் பலரிடம் சூராட் இருந்தது. வீட்டில் பெரியவர் அவர் ஒருவர்தான். பிள்ளைகள் மனுப் போடும் வயதில்லை.

தோட்டத்தில் பிறந்தவர் என்று கம்பெனி தன் பதிவேட்டைப் பார்த்து ஒரு கடிதம் கொடுத்தால், அதை வைத்துக் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அக்கா என்னிடம் வந்தார். நான் கவலைப்பட வேண்டாம் என்றேன். புத்தகங்களைத் தோட்ட ஆபீஸ் மூடிய நாளில் எரித்துவிட்டார்கள், அட்டைகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள், ஆனாலும் எல்லாம் மெஷினில் இருக்கிறது, நானே தட்டியது என்றேன்.

அவருடைய பெயரைக் கேட்டு அச்சிட்டபோது தாளில் வந்தது வேறு ஏதோ வேலையின் வரிகள். எங்கள் தோட்டத்துப் பகுதி முழுக்க அப்படித்தான் இருந்தது.

மறுநாள் சார் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை, ஒருக்களித்து விட்டார். மேசையில் அந்த அச்சுத் தாளும், பக்கத்தில் வெளி சிஸ்டம் எழுதி வைக்கும் குறிப்பும் இருந்தன. யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்ற குறிப்பு. ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு. தலைகீழாகவே என்னால் படிக்க முடிந்தது. அந்த நாள், மதியம் இரண்டரைக்குப் பிறகு, பதிவேட்டு மெஷின் வெளியேறியது.

அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இந்த அஞ்சலை கார்டு நீங்க தட்டுனதுதானேம்மா?"

ஆமாம் என்றேன்.

"அதுல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? நீங்க பாத்தத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கீழ நான் போடுறேன். கம்பெனி சூராட்டாவே போகும்." அச்சுத் தாளைக் காட்டி, "ரெக்கார்டு ஏன் இல்லைன்னு ஒரு வரி எழுதணும். நடந்தத எழுதிடுவோம். என் தப்பும் அதுல இருக்கு" என்றார்.

வீராசாமி என்ற பெயர் என் நாக்கில் இருந்தது. தோட்ட மருத்துவமனையும் டிரெஸ்ஸரின் சுருக்கொப்பமும் கண்ணில் தெரிந்தன. அந்த ஒரு வரியை நினைத்தேன். அதை எத்தனை பேர் படிப்பார்கள் என்று நினைத்தேன். கூடத்து ஆண்கள் நிமிர்ந்து பார்ப்பதை நினைத்தேன்.

"ஞாபகம் இல்ல சார்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. நான் மறுபடி வாய் திறப்பேனா என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு அந்தக் குறிப்பை மடித்து இழுப்பறையில் வைத்து, "சரிம்மா, போங்க" என்றார்.

தலைமை அலுவலகத்துக்கு அவர் அனுப்பிய அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொன்னது தாம் என்றும், சேர்க்கும் முன் நிலைமையைச் சோதிக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். என் பெயர் எங்கும் இல்லை. அடுத்த ஆண்டு அவரை எழுதுபொருள் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த அறையில் கம்பளிச் சட்டைக்கு வேலை இல்லை. ஓய்வு பெறும் வரை என்னை எங்கே பார்த்தாலும் "நல்லா இருக்கீங்களாம்மா" என்று கேட்பார். நான் தலையை ஆட்டுவேன்.

அஞ்சலை அக்காவுக்கு, பதிவு கிடைக்கவில்லை என்று இரண்டு வரிக் கடிதம் போனது. அவர் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். படிக்கட்டில் நின்று, "மெஷின்ல நான் இல்லையாம்லா. நீதானே சரசு தட்டுனே?" என்று கேட்டார். மெஷின் கெட்டுப்போய்விட்டது அக்கா என்றேன். எல்லோருடையதுமா என்று கேட்டார். நம் தோட்டத்துடையது எல்லாம் போய்விட்டது என்றேன். அவர் கடிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, மெஷினுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிலையத்துக்கு நடந்தார். குடியுரிமை மனுவோடு வைக்க ஒன்றும் இல்லாததால் அவர் மனுப் போடவே இல்லை. லயத்தை இடித்த வாரம் பிள்ளைகளோடு பாகான் செராயில் இருந்த தம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, எண்பதுகளின் முடிவில், நான் பாகான் செராய்க்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வயல்களுக்கு நடுவே, வாய்க்கால் ஓரம், தம்பியின் பலகை வீட்டுக்குப் பின்புறம் ஒரு சாய்ப்பு இறக்கி அதில் இருந்தார்கள். அக்கா அரிசி ஆலையில் வேலை செய்தார். அன்று ஆலைக்கு விடுமுறை. முற்றத்தில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஈப்போ வெயிலே படாதவ, இந்தச் சேத்துக்கு எப்படி வந்தே?" என்று சிரித்தார்.

நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். குமிழைச் சொன்னேன், தலையாட்டியதைச் சொன்னேன். சார் அறையில் கேட்டதையும், எனக்கு நினைவிருந்ததையும், இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் நிறுத்தாமல் பேசிய நீளமான பேச்சு அதுதான். அக்காவின் கை மட்டும் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த சூராட் இருந்தா நீல ஐசி கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்கும்னு உறுதியா சொல்ல முடியாது அக்கா. மனு உள்ள போயிருக்கும்."

"மனு உள்ள போயிருக்கும்" என்று அவரும் சொன்னார். சட்டியில் தண்ணீரை மாற்றினார். "லயத்துல எல்லாரும் கேட்டப்ப நான் ஒன்ன ஒரு வார்த்த சொல்லல சரசு. மெஷினத்தான் திட்டுனேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர், "நாலரைக்குத்தான் பஸ்ஸு. சாப்புட்டுப் போ" என்றார்.

சாப்பிட்டேன். மீன் குழம்பு. இரண்டாம் முறை கேட்காமலே சோறு போட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடைசி மகள் பள்ளிப் பையோடு வந்தாள். லயத்தில் என் இடுப்பில் இருந்தவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. யாரும்மா என்று தாயைக் கேட்டாள்.

"தோட்டத்துல பக்கத்து வீட்டுல இருந்தாங்க" என்றார் அக்கா. என் பெயரை அவர் சொல்லவில்லை.